கடலூர்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத் தீவுகளும் அனுராதபுரமும் எதற்கு? (விவாத இழை)

தொடக்கக் கேள்வி: மஞ்சக்குப்பத்து அப்பா ஒருவர், 2025 ஜூன் 9

பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஸ்கூல்ல இலங்கை டூர்னு சர்க்குலர் குடுத்திருக்காங்க. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி யாழ்ப்பாணம், அங்க ரெண்டு தீவு, அப்புறம் அனுராதபுரம், பொலன்னறுவை. எல்லாம் இடிஞ்ச கோயிலும் செங்கல் மேடும். இடிபாடு பார்க்க கடல் தாண்டணுமா? அரிக்கமேடு பக்கத்துலயே இருக்கு. தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டை இருக்கு. அதையே இந்தப் பிள்ளைங்க பார்த்ததில்ல. போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கெடிலக்கரை டீச்சர், ஜூன் 9, இரவு

நான் போய்வந்தேன். வரலாறு எடுக்கிறவள். இப்போது முடிந்த கோடை லீவில் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளோடு, இதே வழியில்.

சார் கேட்டதில் பாதி சரி. அரிக்கமேட்டைப் பார்க்காத பிள்ளையை அனுராதபுரத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. ஆனால் அரிக்கமேட்டோடு நிறுத்திக்கொண்டால் அரிக்கமேடே புரியாது. அது புதுச்சேரிப் பக்கம் இருந்த பழைய துறைமுகப் பட்டினம். 1945-ல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்தவற்றில் ஒன்று, உள்பக்கம் புள்ளி புள்ளியாய் வட்ட அச்சு ஓடிய சாம்பல்நிறத் தட்டு. ரூலெட்டட் வகை என்பார்கள். அதே வகை ஓடு யாழ்ப்பாணத்தில் கந்தரோடையிலும் கிடைத்திருக்கிறது, அனுராதபுரத்திலும் கிடைத்திருக்கிறது. கரையின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, "இங்கேயிருந்து வாணிபம் நடந்தது" என்று எத்தனை வருஷம் பாடம் எடுத்தாலும் பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு எழுதுவார்கள், நம்ப மாட்டார்கள். நம்ப வைப்பதற்குத்தான் கடல் தாண்ட வேண்டும்.

மீதியை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன். பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது.

ஜூன் 10, காலை

"விமானத்தில் போனால் ஒரு மணி நேரம், கப்பல் எதுக்கு?" என்று கேட்டவருக்கு: கப்பல்தான் பாடம். அதை எடுத்துவிட்டால் இந்தச் சுற்றுலாவில் பாதி போய்விடும்.

ஜூன் 10, இரவு

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது. கொஞ்ச நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். கடலில் ஏறக்குறைய 4 மணி நேரம். கடலூரிலிருந்து நடுராத்திரி பஸ் எடுத்தால் சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் தாண்டி விடியலில் துறைமுகம் போய்விடலாம். காரைக்காலில் டீ குடிக்க நிறுத்தினோம். அம்மையார் கோயில் பக்கம் கையைக் காட்டி, "இவங்களை ஞாபகம் வச்சுக்கோங்க, அக்கரையில தேவைப்படுவாங்க" என்று சொல்லி வைத்தேன். அது ஏன் என்பதைப் பொலன்னறுவை வரும்போது எழுதுகிறேன்.

கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னல் போனது. அதுவரை செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வாந்தி. புளிப்பு மிட்டாய், எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர் மூன்றையும் பெற்றோர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள். வாந்தி எடுத்து ஓய்ந்த ஒரு பையன், "இன்ஜின் இல்லாம எப்படி மிஸ் வந்தாங்க?" என்று கேட்டான். வகுப்பில் பருவக்காற்றை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் கமரா, பொதுகே, சோபட்மா என்று நம் கரைத் துறைகள் வரிசையாக வருகின்றன. அவற்றில் பொதுகே என்பது அரிக்கமேடு என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே, அலை ஆட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசித்துக் காட்டினேன்.

இப்போது நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து தாம்போதி (கடலுக்கு நடுவே போட்ட சாலை) வழியாகக் குறிகட்டுவான் வரை பஸ். அங்கிருந்து ஒரு மணி நேரம் படகு. தீவில் வீட்டு வேலியெல்லாம் பவளக்கல். சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது, கல் மேல் கல்லாக அடுக்கியதுதான். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் சின்னச் சின்னப் பூ அச்சு தெரியும். ஒரு பிள்ளை விரலால் தடவிப் பார்த்து, "இது உயிரோட இருந்துச்சா மிஸ்?" என்றாள். இருந்தது. பவளப்பூச்சி கட்டிய கூடு அது. இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையும் அதே கல்தான். பெருக்க மரம் ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்க மரம், உள்ளே பொந்து. ஐந்தாறு பிள்ளைகள் நுழைந்து வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடித்தார்கள்.

ஜூன் 12

நெடுந்தீவு இறங்குதுறையில் நடந்த ஒன்றைத் தனியாக எழுத வேண்டும். முந்தாநாள் எழுதியபோது தள்ளிப்போட்டேன்.

எங்களோடு வந்தவர்களில் ஒரு பையன் மீனவக் குப்பத்துப் பிள்ளை. திரும்புகிற படகுக்குக் காத்திருந்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போய் உட்கார்ந்துகொண்டான். எந்த வலை, என்ன கண்ணி, இங்கே நண்டு கிடைக்குமா என்று தொழில்காரப் பேச்சு. பெரியவரும் சந்தோஷமாகத்தான் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். கடலூர் என்றான். அவர் கை நின்றுவிட்டது.

"தம்பி, உங்கட பக்கத்துப் பெரிய போட்டுகள் இரவில வந்தா எங்கட வலை மிஞ்சாது. மடி இழுத்த இடத்தில பிறகு ஒண்டும் இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பையனுக்குத் தாங்கவில்லை. "எங்க ஊர்லயும் சுருக்குமடியால சண்டை நடக்குது தாத்தா. எங்க அப்பாவுக்கும் சின்ன போட்டுதான்" என்றான். பெரியவர் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வலையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினார். படகு வரும்வரை இரண்டு பேரும் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பேப்பரில் வருவதெல்லாம் "மீனவர்கள் கைது" என்கிற ஒரு வரி. நமக்கு அந்த வரி வலிக்கத்தான் வேண்டும், சிறையில் இருப்பவர்கள் நம் பிள்ளைகள். ஆனால் அந்த வரிக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் தமிழ் பேசும் மீனவர், கிழிந்த வலையோடு இருக்கிறார் என்பதைப் பதிமூன்று வயதில் ஒரு பையன் நேரில் பார்த்துவிட்டான். இதற்கு ஈடாக எந்தப் பாடத்தையும் என்னால் நடத்த முடியாது.

ஜூன் 13

"அரிக்கமேட்டில் ரோமர்கள் கட்டிய செங்கல் சுவர் இன்னும் நிக்குது, அதுவே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சுவர் ரோமர் கட்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் இருந்த கட்டடம். பழைய பட்டினம் மண்ணுக்குக் கீழே. வீலருக்குப் பிறகு 1947–50-ல் கசால், 1989–92-ல் விமலா பெக்லி குழு தோண்டினார்கள். குழிகளை மூடிவிட்டார்கள். இப்போது மேலே மாமரமும் தென்னையும்தான். ரூலெட்டட் தட்டும் ரோமிலிருந்து வந்தது என்று முதலில் கருதப்பட்டது. நம் நாட்டிலேயே செய்தது என்பதுதான் பிறகு வந்த முடிவு.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகம். ஓடு, மணி, சாடித் துண்டு எல்லாம் அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போனால்தான் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபடும்.

செயின்ட் டேவிட் கோட்டையையும் காட்டுங்கள். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தது. அதற்கு ஒரு சனிக்கிழமை போதும்.

ஜூன் 15

நயினாதீவு பற்றிக் கேட்டவர்களுக்கு.

குறிகட்டுவானிலிருந்து கால் மணி நேரம்தான். ஒரு பக்கம் நாகபூசணி அம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி நாக விகாரை. புத்தர் இலங்கைக்கு இரண்டாவது முறை வந்தது நாகதீபத்துக்கு என்று இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. சிங்களக் குடும்பங்கள் வெள்ளை உடுத்தி அதற்காக வருகிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் அம்மனுக்கு வருகிறார்கள். படகு ஒன்றுதான்.

மணிமேகலையைத் தெய்வம் புகாரிலிருந்து தூக்கி வந்து விட்ட மணிபல்லவம் இதுதான் என்பது பலர் கருத்து. "நிரூபணம் ஆயிடுச்சு" என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஆகவில்லை. காப்பியம் சொல்வது புகாருக்குத் தெற்கே 30 யோசனை (பழைய தூர அளவு). அதை வைத்து ஆட்கள் வேறு வேறு இடம் சொல்கிறார்கள். பிள்ளைகளிடமும் இப்படியே சொன்னேன். "அப்ப நாங்க கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும்.

கோயிலில் இருக்கும் கல்வெட்டுதான் எனக்கு முக்கியம். 12-ஆம் நூற்றாண்டு, பராக்கிரமபாகு போட்ட ஆணை. சிங்கள அரசன், கல்வெட்டு தமிழில். வெளிநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில்தான் இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி. பிள்ளைகள் கோயில் நிழலில் உட்கார்ந்து சண்டையே போட்டார்கள்: குதிரைக்கு மட்டும் ஏன் சலுகை? "குதிரை வரலன்னா ராஜாவுக்குத்தான் மிஸ் கஷ்டம், அதான் விட்டுக்குடுக்கிறாரு" என்று முடிவு கட்டியது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்.

ஜூன் 16

நெடுந்தீவுக் குதிரைகள்: போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்தவற்றின் வழிவந்தவை, இப்போது காட்டுக்குதிரை. கிட்டே போகக் கூடாது. வெயில் காலத்தில் தண்ணீருக்கு ரொம்பத் தவிக்கின்றன, பார்க்கவே பாவமாக இருந்தது.

ஜூன் 19

யாழ்ப்பாண நூலகத்துக்குக் கூட்டிப்போகலாமா, பிள்ளைகள் மனசு கெடாதா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். கூட்டிப்போனோம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். 1981-ல், மே 31 இரவு தொடங்கி நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. உள்ளே நம் பிள்ளைகள் வயதுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நெடுந்தீவிலும் 1985 மே 15-ல் குமுதினிப் படகில் வெட்டுப்பட்டவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேட்காததைத் திணிக்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு இந்த அளவு போதும் என்று நினைக்கிறேன்.

அதற்கு மறுநாள் அனுராதபுரம். ஏ9 சாலையில் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே ஒரு எச்சரிக்கை: தூபி வளாகத்துக்குள் செருப்பும் தொப்பியும் கூடாது. மத்தியானக் கல் அடுப்பு மாதிரி சுடும். காலை 7 மணிக்கே போய்விடுங்கள், கனமான சாக்ஸ் கொடுத்தனுப்புங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் போட்டோ எடுக்கக் கூடாது.

ஜேதவனராமயம் என்கிற தூபி மகாசேனன் என்ற அரசன் காலத்தில் எழுந்தது. முதலில் 122 மீட்டர் உயரம். கீசாவில் இருக்கும் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்து அன்றைய உலகின் உயரமான கட்டடம். 9 கோடிச் செங்கலுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சார் "செங்கல் மேடு" என்று எழுதியிருந்தீர்கள். அந்த மேட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். எங்களோடு வந்த செங்கல் சூளைக்காரர் மகன் ஒரு செங்கல்லின் நீளத்தைச் சாண் வைத்து அளந்துவிட்டு, சுட எத்தனை வண்டி விறகு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டான்.

அபயகிரி விகாரைப் பக்கம் பிராமி என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. தமிழ் வணிகர்கள் கூடி உட்கார மாடம் கட்டியிருக்கிறார்கள். இன்னார் ஆசனம் இன்னாருக்கு என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறது. அதில் ஒருவர் நாவிகன், கப்பல்காரர். எந்தத் துறையிலிருந்து வந்தவரோ.

எல்லாளன் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். அனுராதபுரத்தை 44 ஆண்டு ஆண்ட தமிழ் மன்னன், பகைவருக்கும் நீதி வழுவாதவன் என்று அவனை வென்றவர் பக்கத்து நூலான மகாவம்சமே சொல்கிறது. ஆராய்ச்சி மணி, கன்றுக்காக மகனைக் கொன்றது எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் உடனே "மனுநீதிச் சோழன், திருவாரூர்!" என்று கத்தினார்கள். எல்லாளனைக் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனு அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி மரியாதை செய்யச் சொன்னான் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டால் பிள்ளைகள் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போவார்கள்.

ஜூன் 20

"சிகிரியா போகாமல் ஒரு இலங்கை டூரா?"

ஆமாம், அந்தப் பாறைக் கோட்டைக்குப் போகவில்லை. 1200 படி, குளவிக்கூடு, கூட்டம். ஏறி இறங்க அரைநாள். அந்த அரைநாளைப் பொலன்னறுவைக்குக் கொடுத்தோம்.

ஜூன் 24

பொலன்னறுவை. இதற்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன் சனிக்கிழமைகளில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் சுவரில் எழுத்துப் பழகினோம். சோழர் காலத் தமிழ் எழுத்து பயப்படுகிற அளவுக்கு வேறு இல்லை. க, ட, ப, ம, ர, ல இவற்றைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். புள்ளி இருக்காது, அதுதான் தடுக்கும். தொடாமல், சாக்பீஸ் தேய்க்காமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படிக்கப் பழக்கினேன்.

1017-ல் ராஜேந்திரன் ஈழம் முழுவதையும் பிடித்தபின் பொலன்னறுவைதான் சோழர் தலைநகரம். பெயர் ஜனநாதமங்கலம். 1070-ல் சிங்கள அரசன் விஜயபாகு மீட்கும்வரை இருந்தார்கள். அப்போது கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்னும் முழுதாக நிற்கிறது. பலகையில் சிவதேவாலயம் இலக்கம் 2 என்று இருக்கும். சின்னக் கற்கோயில், வெளியே தலை உடைந்த நந்தி, உள்ளே லிங்கத்தின் மேல் யாரோ வைத்த புதுப் பூ. "மிஸ், நம்ம ஊரு கோயிலு" என்று பிள்ளைகள் ஓடினார்கள்.

சாயங்கால வெயில் சுவரில் சாய்வாக விழுந்தது. அடித்தளத்து வரிக்கு முன்னால் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு (தொட்டுவிடக் கூடாது என்று), எழுத்துக்கூட்டினாள். முதல் எழுத்து கிரந்தம் (வடமொழிக்கான எழுத்து), விட்டுவிட்டாள். அடுத்து மூன்று, அடுத்து இரண்டு. பிறகு "தேவ... தேவர்க்கு!" என்று கத்தினாள். மற்றவர்களும் பக்கத்தில் வந்து குந்திவிட்டார்கள். கைடு கடிகாரத்தைக் காட்டினார். நான் பார்க்கவில்லை. சோழ மன்னன் அதிராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன், எந்தச் சுவர் என்று சொல்லவில்லை. தேடிக்கொண்டே இருந்தார்கள், காவலாளி விசில் ஊதும்வரை.

புத்தரின் பல்லுக்காகக் கட்டிய அட்டதாகே பக்கத்தில் வேளைக்காரர் கல்வெட்டு. தமிழ்ப் படைவீரர்கள் புத்தரின் பல்லைக் காப்போம் என்று சத்தியம் செய்து தமிழில் வெட்டி வைத்தது. கல் விகாரையில் படுத்த புத்தர் 14 மீட்டர், ஒரே பாறை. தலையணையில் தலை அழுந்திய குழிவைக்கூடச் சிற்பி செதுக்கியிருக்கிறான்.

இப்போது காரைக்கால் அம்மையார். 1907-ல் தொடங்கி இங்கே தோண்டியபோது சிவதேவாலயங்களில் வெண்கலச் சிலைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று அம்மையார். எலும்பும் தோலுமாக உட்கார்ந்து கையில் தாளத்தோடு பாடுகிற கோலம். டீ குடிக்க பஸ்ஸை நிறுத்திய ஊரின் பெண், கடலுக்கு அந்தப் பக்கம் வெண்கலத்தில். சிலை கொழும்பு அருங்காட்சியகத்தில் இருப்பதால் படம்தான் காட்ட முடிந்தது. கொழும்பையும் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு முழுநாள் பஸ்ஸிலேயே போகும். எனக்கும் ஆசைதான், ஆனால் வேண்டாம்.

ஜூன் 25

டிராவல்ஸ்காரர் கொடுத்த முதல் பட்டியலில் ஒரே நாளில் அனுராதபுரமும் தம்புள்ளையும் சிகிரியாவும் இருந்தன. நடுவில் மசாலாத் தோட்டம், ரத்தினக்கல் கடை. அங்கே நிறுத்தினால் அவர்களுக்குக் கமிஷன். பள்ளிப் பிள்ளைக்கு ரத்தினக்கல் கடையில் என்ன வேலை? அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன், "எல்லா ஸ்கூலுக்கும் இதுதான்" என்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஊருக்கு மேல் இருந்தால் கேள்வி கேளுங்கள். சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு இடிபாடுகளில் நுழைவுச்சீட்டுச் சலுகை உண்டு, பாஸ்போர்ட் காட்ட வேண்டும். அந்தச் சலுகை கணக்கில் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜூன் 30

"பணம் கட்ட முடியாத பிள்ளை என்ன பண்ணும்?" என்று ஒரே வரியில் கேட்டவருக்கு.

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடுவதில்லை. பெயர் கொடுத்துவிட்டு மறுவாரம் வந்து, "வீட்ல வேணான்ட்டாங்க மிஸ்" என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருத்தி பாடலீஸ்வரர் கோயில் சுவரை எல்லாரையும்விட வேகமாகப் படித்தவள். பழைய மாணவர்கள் சேர்ந்து சிலருக்குக் கட்டினார்கள். எல்லாருக்கும் முடியவில்லை.

என்னால் செய்ய முடிந்தது இது: அரிக்கமேடும் அருங்காட்சியகமும் கோயில் சுவரும் வகுப்பு முழுவதற்கும், காசில்லாமல். கடல் தாண்டிப் போனவர்கள் கல்வெட்டுப் படங்களைப் பெரிதாக எடுத்து வந்து போகாதவர்களிடம் கொடுக்க வேண்டும். படித்துச் சொல்வது போகாதவர்கள் வேலை. அந்தப் பெண் நயினாதீவுக் கல்வெட்டில் நாங்கள் விட்டுவிட்ட ஒரு சொல்லைப் படத்தை வைத்தே பிடித்தாள். அவள் போயிருக்க வேண்டும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

சர்க்குலர் வந்த பள்ளிகளில் இருக்கும் பெற்றோர்கள் இதைக் கூட்டத்தில் கேளுங்கள். நம் பிள்ளை போவதற்குப் பணம் கட்டும்போதே, இன்னொரு பிள்ளைக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று.

ஜூலை 3

சிகிரியா பற்றி மறுபடி யோசித்தேன். பதினோராம் வகுப்பு என்றால் சேர்க்கலாம். கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவரில் 1000 வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள் கிறுக்கிய கவிதைகளை அந்த வயதுப் பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் இன்னொரு நாள் கூட்டித்தான் சேர்க்க வேண்டும், பொலன்னறுவையில் வெட்டி அல்ல.

ஜூலை 6

மஞ்சக்குப்பத்து சார் மறுபடி வந்து, போன ஞாயிறு மகளை அருங்காட்சியகத்துக்கும் அரிக்கமேட்டுக்கும் கூட்டிப்போனதாக எழுதியிருக்கிறார். "ஓடு வட்டத்த பத்தியே பேசிட்டு வர்றா, அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்கிறார். நல்லது சார். அப்படியென்றால் இப்போதே செய்ய வேண்டியவை:

பாஸ்போர்ட்டுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்பதால் அப்பா, அம்மா இரண்டு பேர் ஒப்புதலும் வேண்டும். பெயரில் இனிஷியல் சிக்கல் இருந்தால் பிறப்புச் சான்றிதழைச் சரி செய்யவே நாளாகும். கப்பல் வடகிழக்குப் பருவமழையில் நின்றுவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் தேதி போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தை கடைசி, மாசி நல்லது. கடல் அடங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பத்தாவது, பன்னிரண்டாவதுக்குப் பொதுத்தேர்வு நேரம் என்பதால் எட்டு, ஒன்பது பிள்ளைகளைத்தான் அப்போது கூட்டிப்போக முடியும். உங்கள் பெண்ணுக்கு இந்த வருஷம்தான் வாய்ப்பு.

கோயில் சுவர் வகுப்பு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பாடலீஸ்வரர் கோயில் வெளிப்பிரகாரம். எந்தப் பள்ளிப் பிள்ளையானாலும் வரலாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.